பத்து குண்டு, ஒரு பலூன்: நம்ம ஊர் 'கன் ஷோ' ஏன் ஏமாத்துது?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட்டா அனுப்பினது. "அண்ணா, யூடியூப்ல அமெரிக்கா கன் ஷோ வீடியோ நிறைய பார்க்கிறேன். பெரிய மண்டபம், மேசை மேசையா துப்பாக்கி அடுக்கி வெச்சிருக்காங்க, சந்தை மாதிரி கூட்டம். நம்ம ஊர்ல ஏன் இப்படி ஒண்ணும் நடக்கிறதில்லை? இருந்தா சும்மா பார்த்துட்டாவது வரலாமே?"

நம்ம ஊர்லயும் இருக்கு தம்பி. பலகையில பலூன் கட்டியிருப்பாங்க. சிரிக்காதீங்க, பாதி நிஜமாத்தான் சொல்றேன். அந்தக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி அமெரிக்காவையும் நம்ம சட்டத்தையும் சீக்கிரமா பார்த்துடலாம்.

அமெரிக்காவில் கன் ஷோ என்பது வார இறுதிச் சந்தை. 1986-ல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், லைசென்ஸ் வைத்திருக்கும் வியாபாரி தன்னுடைய மாநிலத்துக்குள் நடக்கும் கன் ஷோவிலும் கடை போடலாம் என்று அனுமதித்தது. அவர் விற்கும்போது, வாங்குகிறவருடைய குற்றப் பின்னணியைச் சோதித்தே ஆகணும். ஆனால் வியாபாரி அல்லாத ஒரு தனி ஆள் தன் சொந்தத் துப்பாக்கியை அதே மண்டபத்துல இன்னொருத்தருக்குக் கொடுத்தா, பல மாநிலங்கள்ல அந்தச் சோதனை கட்டாயமில்லை. அங்க அரசியல்ல 'கன் ஷோ ஓட்டை'ன்னு பல வருஷமா சண்டை போடுறது இதைத்தான். இதுல ஒரு வேடிக்கை. அந்த ஷோக்களுக்குப் போறவங்க புலம்பலைக் கேட்டா நம்ம ஊர் பொருட்காட்சி ஞாபகம்தான் வரும். டிக்கெட் காசு, பார்க்கிங் காசு எல்லாம் கொடுத்து உள்ள போனா பாதி மேசையில கத்தியும் டி-ஷர்ட்டும் உப்புக்கண்டமும். துப்பாக்கி விலை வெளிக் கடையை விடக் கூடுதல். அந்தத் தம்பி பார்க்கிற வீடியோவுல இதெல்லாம் எடிட்ல போயிருக்கும்.

இந்தியாவுல இந்த மாதிரி சந்தை ஏன் நடக்காதுன்னா, 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல ஒரு சின்ன நிபந்தனை இருக்கு. லைசென்ஸ் உள்ள ஒருத்தர் தன் துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள இன்னொருத்தருக்கு விற்கணும்னா, மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ முதல்ல எழுத்துல தெரிவிக்கணும், அதுக்கப்புறம் 45 நாள் காத்திருக்கணும். சந்தையோட உயிரே கையில காசு, கையில பொருள்தானே? 45 நாள் காத்திருக்கிற இடத்துல எந்தச் சந்தையும் கூடாது.

இது போக லைசென்ஸ் வாங்குறதே பெரிய வேலை. எதுக்கு வேணும்னு காரணம் சொல்லணும், போலீஸ் விசாரிச்சு ரிப்போர்ட் கொடுக்கணும், அதுக்கப்புறமும் கிடைக்கும்னு உறுதி இல்லை. முன்னாடி ஒருத்தர் மூணு துப்பாக்கி வரைக்கும் வெச்சுக்கலாம். 2019-ல் செய்த திருத்தம் அதை ரெண்டாக் குறைச்சது. கல்யாண ஊர்வலத்துல வானத்தைப் பார்த்து சுடுறதையும் அதே திருத்தம் தனிக் குற்றமாக்கிச்சு: ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, அல்லது ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். வட இந்தியாவுல அந்தப் பழக்கத்தால நிறைய உயிர் போயிருக்கு. நம்ம பக்கம் தேர்தல் அறிவிச்சதும் பேப்பர்ல ஒரு சின்னச் செய்தி வரும், பார்த்திருப்பீங்க: லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு.

சரி, நிஜத் துப்பாக்கியை நம்ம ஊர்ல மக்கள் பார்க்கவே வழியில்லையான்னா, 2018 ஏப்ரல்ல இருந்துச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில திருவிடந்தையில டெஃப் எக்ஸ்போ நடந்தது, 11-ம் தேதியிலிருந்து 14 வரைக்கும். கடைசி நாள், தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு, பொதுமக்களை உள்ளே விட்டாங்க. பீரங்கி, டாங்க், ஹெலிகாப்டர் எல்லாம் வந்திருந்தது. ஆனா அது கம்பெனியும் ராணுவமும் பேசிக்கிற இடம். அங்க வாங்க வர்றது அரசாங்கங்கள். நீங்களும் நானும் செல்ஃபி எடுத்துக்கலாம். திருச்சியில 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு, ராணுவத்துக்கும் போலீசுக்கும் ரைஃபிள் செய்து கொடுக்கிற இடம். தமிழ்நாட்டுக்குள்ளேயே இவ்வளவு துப்பாக்கி தயாராகுது. ஆனாலும் நம்மில் பெரும்பாலானவங்க கையால தொட்ட ஒரே துப்பாக்கி அந்தப் பலூன் கடைத் துப்பாக்கிதான்.

நான் வளர்ந்தது குறிஞ்சிப்பாடி. கடலூர்ல இருந்து விருத்தாசலம் போற வழியில, வடலூருக்கு முன்னாடி வர்ற ஊர். கைத்தறி லுங்கிக்குப் பேர் போனது. அந்தப் பக்கம் போனா நெய்வேலி. எங்க பக்கத்துப் பசங்களுக்கு நிஜத் துப்பாக்கி கண்ணுல படுறது மொத்தம் மூணு இடத்துல. நெய்வேலியில காவலுக்கு நிற்கிற சி.ஐ.எஸ்.எஃப். காரங்க தோள்ல, பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டி தாத்தா மடியில, ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டு வர்ற வேன்ல. மூணு இடத்துலயும் கிட்டப் போனா முறைப்பாங்க. கையில கொடுத்து "சுடு தம்பி"ன்னு சொல்ற ஒரே ஆள், தைப்பூசத்துக்கு வடலூர்ல கடை போடுறவர்தான்.

வடலூர் தைப்பூசம் தெரியாதவங்களுக்கு: வள்ளலார் 1867-ல் தருமசாலை தொடங்கி, 1872-ல் சத்திய ஞான சபை கட்டின ஊர் அது. தைப்பூசத்தன்னைக்கு ஏழு திரையும் விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவாங்க. எந்தெந்த ஊர்ல இருந்தோ ஜனம் வரும். ஜனம் வந்தா கடை வரும், ராட்டினம் வரும், டெல்லி அப்பளம் வரும், ஓரமா ஒரு தள்ளுவண்டியில பலூன் பலகையும் வரும். கொல்லாமையைப் பேசினவர் ஊர்ல துப்பாக்கியான்னு கேட்காதீங்க. சாகிறது பலூன் மட்டும்தான். அதுவும் அவ்வளவு லேசுல சாகிறதில்லை. நம்ம விஷயமே இங்கதான் ஆரம்பிக்குது.

சில வருஷம் முன்னாடி அக்கா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பதினோரு வயசு. பத்து குண்டு ஐம்பது ரூபாய். நிதானமா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சுட்டா. பத்துக்கு ஒண்ணு வெடிச்சது. அதுவும் அவ குறி வெச்சது இல்லை, அதுக்கு இடது பக்கத்து பலூன். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துட்டு என்கிட்ட மெதுவா கேட்டா: "மாமா, எனக்குக் கண்ணு சரியில்லையோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த எபிசோடு. அவ கண்ணுல எந்தக் கோளாறும் இல்லை. அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே புரியும்.

பலூன் கடையில் இருப்பது ஏர் கன். குழலை நடுவில் மடக்கிக் கீழே இழுக்கிறார் பாருங்க, அப்போது உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. குழலின் பின்வாயில் ஒரு சின்ன ஈயக் குண்டை வைத்து மூடுவார். நீங்க விசையை இழுத்ததும் கொக்கி விடுபடும், ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும், பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் காற்று அழுந்தி, குண்டைப் பின்னாலிருந்து உதைக்கும். சைக்கிள் பம்பு மாதிரிதான். மருந்து இல்லை, நெருப்பு இல்லை. 4.5 மில்லிமீட்டர் குழலும், 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருக்கும் ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் தேவையில்லை. திருவிழாவுல அது கடை போட முடியறது அதனாலதான்.

இப்போ அந்தக் குழலை மடக்கும்போது அவர் கை எங்கே பிடிக்குதுன்னு கவனிங்க. குழலோட நுனியை. அந்த நுனியிலதான் முன் குறி இருக்கு, அந்தச் சின்ன இரும்பு முளை. ஒரு ராத்திரிக்கு எத்தனை நூறு தடவை அதைப் பிடிச்சு இழுக்கிறார்? வண்டியில ஏத்தி இறக்கும்போது எத்தனை தடவை இடிபடுது? முளை ஒரு பக்கமா சாயாம இருந்தாத்தான் அதிசயம். முன் குறி வலது பக்கம் சாய்ஞ்சிருந்தா, நீங்க அதை பலூனுக்கு நேராக் கொண்டு வரும்போது குழல் இடது பக்கம் பார்க்கும். குண்டு இடது பக்கம் போகும்.

எவ்வளவு தள்ளிப் போகும்னு கணக்குப் போடலாம், எட்டாம் கிளாஸ் ஒத்த முக்கோணம்தான். பின் குறிக்கும் முன் குறிக்கும் நடுவில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். பலகை 10 அடி தள்ளி, அதாவது 3 மீட்டர். 300-ஐ 40-ஆல் வகுத்தா ஏழரை. முளை ஒரு மில்லிமீட்டர் சாய்ஞ்சா, பலகையில ஏழரை மில்லிமீட்டர் தள்ளி விழும். நாலரை மில்லிமீட்டர் சாய்ஞ்சா கிட்டத்தட்ட மூணரை சென்டிமீட்டர், ரெண்டு விரல் அகலம். வீட்டுல பிறந்தநாளுக்கு ஊதுற பெரிய பலூனா இருந்தா இந்த ரெண்டு விரல் ஒரு பொருட்டே இல்லை. அதனாலதான் கடையில பலூன் எலுமிச்சம்பழம் சைஸுல இருக்கு. எலுமிச்சம்பழத்தோட நடுவுல இருந்து ரெண்டு விரல் தள்ளினா வெளியே.

சின்னதா ஊதுறதுல இன்னொரு சங்கதியும் உண்டு. நல்லா ஊதி விறைப்பா இருக்கிற ரப்பர்ல ஒரு ஓட்டை விழுந்தா கிழிசல் ஓடி 'டப்'புனு வெடிக்கும். அரைகுறையா ஊதின பலூன்ல ரப்பர் தளர்வா இருக்கும். குண்டு துளைச்சாலும் கிழிசல் ஓடாது, ஓட்டை வழியா காற்று மெல்லமா இறங்கும். நீங்க சரியாவே சுட்டிருப்பீங்க, ஆனா வெடிக்கலை. கடைக்காரரும் கணக்குல சேர்க்க மாட்டார்.

மூணாவது, பிஸ்டன்ல இருக்கிற வாஷர். அது தேய்ஞ்சாலோ எண்ணெய் இல்லாமக் காய்ஞ்சாலோ காற்று பக்கவாட்டுல கசியும், குண்டு வேகம் குறையும். வினாடிக்கு 60 மீட்டர் வேகத்துல போற குண்டு 3 மீட்டரைக் கடக்கிறதுக்குள்ள ஒரு சென்டிமீட்டருக்கு மேல கீழே இறங்கிடும். இதோட, குழலை வெச்சு சுடுறதுக்குன்னு முன்னாடி ஒரு மரக்கட்டை போட்டிருப்பாங்க, வசதியா இருக்கட்டும்னு. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது ஆகாது. குண்டு குழலை விட்டு வெளியே வர்றதுக்கு முன்னாடியே உள்ள பிஸ்டன் நகர்ந்து துப்பாக்கியை உலுக்கும். கெட்டியான கட்டை மேல வெச்சா ஒவ்வொரு தடவையும் துள்ளும். இடது உள்ளங்கையில லேசா உட்கார வெச்சு, இறுக்கிப் பிடிக்காம சுடணும்.

அப்போ கடைக்காரர் ஏமாத்துறாரா? முளையை வேணும்னே வளைக்கிறவங்களும் இருக்கலாம். என் கணிப்பு, பாதிக்கு மேல வெறும் தேய்மானம். ஒரு துப்பாக்கியை வெச்சுக்கிட்டு ஊர் ஊரா திருவிழா திருவிழாவா அலையறவருக்கு அதைச் சரி பண்ண நேரமும் இல்லை, சரி பண்ணா லாபமும் இல்லை. கோணல் துப்பாக்கியால அவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. நஷ்டமெல்லாம் "எனக்கு வராது போல"ன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போற பிள்ளைக்குத்தான்.

அன்னைக்கு நான் இன்னொரு பத்து குண்டு வாங்கினேன். ஸ்கூல்ல என்.சி.சி.யில இருந்தேன், கேம்ப்ல .22 ரைஃபிள் சுட வெச்சிருக்காங்க. அங்க முதல்ல சொல்லித் தர்றது நடு வட்டத்துல அடிக்கிறது இல்லை, குரூப்பிங். அஞ்சு குண்டும் ஒரே இடத்துல கூட்டமா விழணும். நடுவை விட்டு எவ்வளவு தள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, கூட்டமா விழுந்தா சுடுறவன் சரி, குறியைத்தான் திருத்தணும். சிதறி விழுந்தாத்தான் சுடுறவன்கிட்ட வேலை பாக்கி. அதனால பலூனை விட்டுட்டு பலகையில இருந்த ஒரு ஆணியைக் குறி வெச்சேன். மூணு குண்டும் ஆணிக்கு இடது பக்கம், ரெண்டு விரல் தள்ளி, கிட்டக் கிட்ட விழுந்தது. மீதி ஏழை அவகிட்ட கொடுத்து, "பலூனைப் பார்க்காதே, அதுக்கு வலது பக்கம் ரெண்டு விரல் தள்ளிப் பாரு"ன்னு சொன்னேன். அஞ்சு வெடிச்சது. கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே "மிலிட்டரியா சார்?"னு கேட்டார். அடுத்த ரவுண்டுக்கு வேற துப்பாக்கியை எடுத்து நீட்டினார், அது தனிக் கதை.

இதைக் கேட்டுட்டு உடனே கிளம்புறவங்களுக்கு ஒரு விஷயம் சீரியஸா சொல்லணும். அந்தக் குண்டு ஈயம். பலூன் பலகைக்குப் பின்னால சாக்கோ கெட்டித் துணியோ தொங்கினா குண்டு அதுல புதைஞ்சு விழுந்துடும். வெறும் தகரம் இருந்தா தெறிச்சுத் திரும்பி வரும். சுடும்போது 'டிங்'குனு சத்தம் கேட்டா அது தகரம், பிள்ளைகளைக் கூட்டிட்டு நகர்ந்துடுங்க. தோலைத் துளைக்க முடியாத வேகம்கூட கண்ணைக் கெடுக்கப் போதும். எந்தப் பலூன் கடையிலயும் கண்ணாடி கொடுத்து நான் பார்த்ததில்லை, சும்மா ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டாலே பெரிய வித்தியாசம். கண்ணுல பட்டுட்டா தேய்க்கக் கூடாது, தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, உள்ளே இருக்கிறதை எடுக்கப் பார்க்கக் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணு மேல அழுத்தாமக் கவிழ்த்து ஒட்டிக்கிட்டு நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். எங்க பக்கத்துக்காரங்களுக்குப் புதுச்சேரி தவளக்குப்பத்துல அரவிந்த் இருக்கு. அப்புறம், குண்டைத் தொட்ட கையோட மிளகாய் பஜ்ஜி சாப்பிடாதீங்க. கையைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க.

அக்கா பொண்ணுக்கு அன்னைக்கு பஸ்ல வரும்போது ஒரு பேர் சொன்னேன்: இளவேனில் வாலறிவன். 1999-ல் கடலூர்ல பிறந்தவங்க, நம்ம மாவட்டம். குடும்பம் குஜராத்துக்குப் போனதால வளர்ந்தது அகமதாபாத்ல. 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் அவங்க போட்டி. 2019-லயும் 2023-லயும் ரியோ டி ஜெனிரோவுல நடந்த உலகக் கோப்பையில தங்கம் ஜெயிச்சாங்க.

அவங்க சுடுறதும் அதே 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுதான், பலூன் கடையில இருக்கிற அதே அளவு. வேகமும் பயப்படுற மாதிரி இல்லை, ஏழரை ஜூல் பக்கம்தான் ஆற்றல். வித்தியாசம் மத்த எல்லாத்துலயும். அந்த ரைஃபிள்ல ஸ்பிரிங் கிடையாது, முன்னாடியே அழுத்தி அடைச்ச காற்று சிலிண்டர், அதனால உலுக்கல் இல்லை. குறியை நூலிழை நூலிழையா திருகலாம். விலை லட்சங்கள்ல. தூரம் 10 மீட்டர், அதாவது பலூன் பலகையை விட மூணு மடங்குக்கு மேல. குறி எலுமிச்சம்பழம் இல்லை. நடுப் புள்ளியோட விட்டம் அரை மில்லிமீட்டர், பேனாவால ஒரு தடவை தொட்டு வைக்கிற புள்ளி. 75 நிமிஷத்துல 60 குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் அதிகபட்சம் 10.9. மொத்தம் 654.

2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுல இளவேனில் எடுத்தது 630.7. ஒரு குண்டுக்கு சராசரி பத்தரைக்கு மேல. முதல் எட்டு பேர்தான் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். அவங்க வந்தது பத்தாவது இடம். இந்த எபிசோடுக்கு ஏமாற்றம்னு தலைப்பு வெச்சுட்டு இதைச் சொல்லாம விட முடியாது. திருவிழாவுல ரெண்டு விரல் தள்ளிப் போனதுக்கு நாம துப்பாக்கியைத் திட்டலாம். அங்க ஒவ்வொரு குண்டும் எங்க விழுந்ததுன்னு மில்லிமீட்டர்ல ஸ்கிரீன்ல தெரியும், திட்டறதுக்கு ஒண்ணும் கிடையாது.

கேள்வி கேட்ட தம்பிக்கு: மண்டபமும் மேசையும் இங்க வராது. உனக்கு நிஜமாவே சுட்டுப் பார்க்கணும்னா ரெண்டு வழி இருக்கு. காலேஜ்ல என்.சி.சி. இருந்தா சேர்ந்துடு. கேம்ப்ல அஞ்சு குண்டுதான் கொடுப்பாங்க, ஆனா அந்த அஞ்சுக்கும் உன் பக்கத்துல ஒருத்தர் படுத்துக்கிட்டு சொல்லித் தருவார். இல்லைன்னா ரைஃபிள் கிளப். சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கு, ஏர் ரைஃபிளை அவங்களே கொடுத்துப் பழக்குவாங்க. போனதும் முதல்ல துப்பாக்கி கையில வராது. குழலை எந்தப் பக்கம் வெச்சுக்கணும், விரலை எப்போ விசையில வைக்கணும்னு அரை மணி நேரம் பேசுவாங்க. பலூன் கடையில யாரும் பேசாத அரை மணி நேரம் அது. கண்ணாடி மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கோ.